பரங்கிக்காய் ஏலம்

“பேசறதுக்குத் தொண்டை போதும் சிஸ்டர். ஜனங்களைப் பையில கைவிட வைக்கிறதுதான் வித்தை. வாங்க, மேடைக்கு வாங்க!”

பயிற்சியாளர் டேனியல் இப்படிக் கூப்பிட்டது நதியாவை. சின்ன காஞ்சிபுரத்து மண்டபம் ஒன்றில் காலையிலிருந்து நிதி திரட்டும் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. சர்ச் போதகர்கள், கோயில் அன்னதானக் கமிட்டிக்காரர்கள், ஆசிரமம் நடத்துகிறவர்கள் என்று மண்டபம் நிறைய ஆட்கள். அத்தனை பேரிலும் கேட்கத் தெரியாத ஒரே ஜென்மம் தான்தான் என்று அவள் எப்போதோ முடிவுகட்டிவிட்டாள்.

ஓரிக்கை சர்ச்சில் சாயங்கால டியூஷன் நடத்துகிறவள் அவள். போன மாதம் அடித்த காற்றில் டியூஷன் கொட்டகையின் தகரமெல்லாம் பறந்துபோய்ப் பாலாற்று மணலில் விழுந்தது. “இந்த மாசக் கடைசிக்குள்ள கூரை போடலேன்னா டியூஷனை மூடிடலாம்மா” என்று சபைக் கமிட்டி கைவிரித்துவிட்டது. நன்கொடை கேட்கும் வேலை நதியா தலையில் விழுந்தது. அவளோ, பெரிய மனிதர்கள் வீட்டுக்குப் போய், கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, வந்த விஷயத்தைச் சொல்லாமலே திரும்பிக்கொண்டிருந்தாள்.

டேனியல் சமையல்கட்டிலிருந்து ஒரு பரங்கிக்காயைக் கொண்டுவரச் சொல்லி அவள் கையில் கொடுத்தார்.

“அறுப்பின் பண்டிகையில காணிக்கையா வந்த காய்கறியைச் சர்ச்சுல ஏலம் விடுவோமே, அதேதான். இது ஒத்திகை, யாரும் காசு குடுக்க வேணாம். ஆனா நிஜமா வந்தா எவ்வளவு குடுப்பீங்களோ, அதுக்கு மேல கேக்கக் கூடாது. லட்சம் கோடின்னு அள்ளி விட்டா ஆட்டம் கெட்டுடும்.”

நதியா மைக்கைப் பிடித்தாள். “இது... பரங்கிக்காய்” என்றாள்.

“அது தெரியுது சிஸ்டர்!” என்றார் முன்வரிசையில் இருந்த போதகர் சத்யராஜ். மண்டபம் கொல்லென்று சிரித்தது.

அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கதவோரம் அப்போதுதான் வந்து உட்கார்ந்த ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. ஐம்பதைத் தாண்டிய ஆள். நெற்றி நிறைய விபூதி, மடியில் ஒரு துணிப்பை. யாரோ கோயில் கமிட்டிக்காரர், சாவகாசமாக வருகிறார் என்று நினைத்துக்கொண்டாள். சிரிக்காத அந்த முகத்தைப் பார்த்தே பேச ஆரம்பித்தாள்.

“எங்க டியூஷன்ல காயத்ரின்னு ஒரு பொண்ணு இருக்குதுங்க. எட்டாவது படிக்குது. எங்க கொட்டகைக்கு இப்போ கூரை கிடையாது. மழை வந்தா எல்லாப் பசங்களும் ஓடிடும். இந்தப் பொண்ணு மட்டும் புக்கை வயித்தோட அணைச்சுக்கினு, மழைக்கு முதுகைக் காட்டிக்கினு நிக்கும். புக்கு நனையாது. அது நனையும். அந்தக் கூரைக்காகத்தான் இந்தப் பரங்கிக்காயை ஏலம் விடறேன். கேளுங்க.”

கேட்டுவிட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது டேனியலின் பாடம். மூடிக்கொண்டாள்.

“ஐநூறு” என்றார் கதவோரத்துக்காரர்.

“ஆயிரம்!” என்றார் சத்யராஜ்.

“ஆயிரத்து ஐநூறு!” இது ஆசிரமத்து அம்மா கிருஷ்ணம்மாள்.

அவ்வளவுதான், மண்டபம் சூடு பிடித்துவிட்டது. ஆளாளுக்குக் கை தூக்கினார்கள். நதியாவுக்குக் குரல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். மூவாயிரத்தில் கிருஷ்ணம்மாள் கும்பிடு போட்டு ஒதுங்கிவிட்டார். சத்யராஜும் கதவோரத்துக்காரரும் மட்டும் மல்லுக்கு நின்றார்கள். கதவோரத்துக்காரர் எழுந்து வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் யோசித்துத்தான் வாயைத் திறந்தார்.

“என்னங்கய்யா இவ்ளோ யோசனை? காசா பணமா, ஏத்திக் கேளுங்க!” என்று நதியா சீண்டினாள். எல்லாரும் விசிலடித்தார்கள்.

“நாலாயிரத்து ஐநூறு!” என்றார் சத்யராஜ்.

“ஐயாயிரம். ஏலத்துல எறங்கிட்டா தோத்துட்டுப் போற பழக்கம் எங்க வூட்ல இல்லைம்மா!”

“என் பர்ஸு அவ்ளோதான்பா. ரூல்னா ரூலு” என்று சத்யராஜ் உட்கார்ந்துவிட்டார்.

“ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்!” நதியா மேஜையைத் தட்டிய தட்டில் தண்ணீர் பாட்டில் உருண்டு விழுந்தது. கைதட்டல் மண்டபத்தைத் தூக்கியது. அவளுக்குச் சந்தோஷத்தில் மூச்சு வாங்கியது. கேட்டுவிட்டாள்! நாளைக்குக் காஞ்சிபுரத்தில் ஒரு வாசல் பாக்கி வைக்கப் போவதில்லை.

கதவோரத்துக்காரர் மேடைக்கே வந்துவிட்டார். கையில் போன்.

“எங்கேம்மா ஸ்கேன் பண்றது?”

மண்டபம் மறுபடி சிரித்தது. நதியாவும் சிரித்தாள். “நடிப்புல எங்களையெல்லாம் தூக்கிச் சாப்டுட்டீங்கய்யா. நீங்க எந்தக் கோயில் கமிட்டி?”

“கமிட்டியா? நான் பிள்ளையார்பாளையம் குமாரசாமிமா, தறிக்காரன். சாயந்திரம் பயிற்சி குடுக்கற சாருக்குப் போத்தறதுக்குப் பட்டு அங்கவஸ்திரம் கேட்டிருந்தாங்க, குடுக்க வந்தேன். ஆபீஸ்காரரு வர்ற வரைக்கும் உள்ள உக்காருன்னாங்க, உக்காந்தேன்.”

சிரிப்பு பட்டென்று நின்றது. நதியா மைக்கைக் கீழே வைத்தாள்.

“ஐயா, மன்னிச்சுக்குங்க. உங்ககிட்ட யாரும் சொல்லலையா? இது நிஜ ஏலம் இல்லீங்க, வெறும் ஒத்திகை. நீங்க ஒண்ணும் தர வேணாம், போனை உள்ள வைங்க.”

குமாரசாமி மேஜைமேல் இருந்த பரங்கிக்காயைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். போனை உள்ளே வைக்கவில்லை.

“ஏலம் ஒத்திகை, சரிம்மா. அந்தப் பொண்ணு நனையறதும் ஒத்திகையா?”