மாற்று டிரைவர்

சுங்கச்சாவடியில் மாற்று டிரைவர் சின்னராசு பையோடு நிற்பதைப் பார்த்ததும் செங்கோடன் லாரியை ஓரங்கட்டிவிட்டுக் குதித்து இறங்கினான்.

வழியில் வரப்போகும் தடைகளைக் கம்பெனியின் கணினி முன்கூட்டியே கண்டுபிடித்துவிடும். வெள்ளம், மறியல், பழுதான பாலம். டிரைவர் வீட்டில் விழப்போகும் சாவும் அதற்குத் தடைதான். சரக்கு தாமதமாகக் கூடாதென்று முதலிலேயே வேறு ஆளை அனுப்பிவிடும். அதன் கணிப்பு ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

“யாருக்குடா?”

“அதச் சொல்ல மாட்டாங்கண்ணா.” சின்னராசு முகம் பார்க்காமல் சாவியை வாங்கிக்கொண்டு லாரியில் ஏறினான்.

ஊருக்குப் போகும் பஸ் வந்து நின்றது. படியில் கால் வைத்தபடியே செங்கோடன் வீட்டுக்குப் போன் போட்டான்.

“பூங்கொடி, நான் வர்றேன்.”

“லோடு?”

“சின்னராசு எடுத்துக்கிட்டான்.”

டிரைவர் பொண்டாட்டிக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. “கயலு, உள்ள வாடி!” என்று தெருவில் நின்ற மகளை அவள் அலறிக் கூப்பிடுவதும், கதவு சாத்தப்படுவதும் கேட்டன. மாமியாரை எழுப்பிப் பேசவைத்தாள். பிறகு மூச்சிரைக்கச் சொன்னாள்:

“எல்லாரும் நல்லாத்தானுங்க இருக்கோம். நீங்க பாத்து வாங்க.”

அந்த வீட்டில் தானும் ஒருவன் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

பஸ் படியில் வைத்த காலை மெல்ல எடுத்தான்.