நானூற்றில் ஒருத்தி

“போன வருஷம் இருநூறு பேர், இந்த வருஷம் அறுநூறு! மேலிடமே வாயைப் பிளக்கப் போகுது பாரு” என்று மாணவர் சங்கத் தலைவன் செயலாளனின் முதுகில் தட்டினான். மாநாட்டுக்கு அனுப்பவேண்டிய உறுப்பினர் அறிக்கை மேசைமேல் தயாராக இருந்தது.

அந்நேரம் பார்த்து உள்ளே வந்த முதலாமாண்டு மாணவி ஒருத்தி, தன் உறுப்பினர் அட்டையை அறிக்கையின்மேல் வைத்தாள்.

“நான் விலகிக்கிறேன் அண்ணா. நூலகத்தை ஆறு மணி வரைக்கும் திறந்து வைக்கச் சொல்லிக் கேப்பீங்கன்னுதான் சேர்ந்தேன். இதுவரைக்கும் ஒரு கூட்டம்கூடப் போடலையே.”

செயலாளனின் முகம் வெளுத்தது. “அடுத்த வாரமே போடுறோம்மா. முதல்வர்கிட்ட நானே பேசறேன். தயவுசெஞ்சு அட்டையை எடுத்துக்கோ.”

“பரவாயில்லைண்ணா.” அவள் போய்விட்டாள். வாசல்வரை பின்னாலேயே ஓடிக் கெஞ்சியவன், தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தான்.

தலைவன் கண்ணடித்தான். “ஓகோ, கதை அப்படிப் போகுதா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேடா!”

“சும்மா இரு. அதெல்லாம் ஒண்ணுமில்லை.”

“பின்னே என்ன? புதுசா சேர்ந்தது நானூறு பேர். அதுல ஒருத்தி போனா குடியா முழுகிடும்?”

செயலாளன் அந்த அட்டையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“எண்ணிக்கையை ஏத்து, ஏத்துன்னு தினமும் என் உசுரை வாங்கினே. மத்த முன்னூத்துத் தொண்ணூத்தொன்பது பேரையும் வகுப்பு வருகைப் பதிவேட்டைப் பார்த்து நானேதான் எழுதினேன். தானா வந்து கையெழுத்துப் போட்டது இவ ஒருத்திதான்டா.”