புறா தின்ற மீன்

ஒரு காட்டில் மாசத்துக்கு ஒருத்தராய் முறை வைத்து நீதி சொல்வார்கள். சட்டம் படிக்காத எருமைக்கும் அந்த முறை வந்தது. முதல் நாள் உச்சிப்பொழுதுக்குள்ளேயே பதினொரு வழக்கு முடிந்துவிட்டது. வந்தவர்கள் எல்லாருமே குற்றத்தை ஒத்துக்கொண்டார்கள். தனக்கு இந்த வேலை நன்றாகவே வருகிறது என்று எருமை நினைத்துக்கொண்டது.

அடுத்துப் புறா வந்து நின்றது. புகாரை வாசிக்கிற காக்கா வாயைத் திறக்கும் முன்பே, "ஆமாங்கம்மா, நான்தான் செஞ்சேன்" என்றது.

"என்ன செஞ்சேன்னு இன்னும் சொல்லவே இல்லையே" என்றது எருமை.

"கொக்கு பிடித்து வைத்திருந்த மீனைத் தின்றது" என்று காக்கா வாசித்தது.

"ஆமா, மீனுதாங்க" என்றது புறா.

"தானியம் பொறுக்குறவ நீ. மீனை எப்படிடி முழுங்கினே?"

புறா தலையைக் குனிந்துகொண்டது. "ஒத்துக்கிட்டா ஒரு இறகைப் பிடுங்கிட்டு உடனே விட்டுருவாங்களாம். இல்லேன்னா பொழுது சாயற வரைக்கும் நிக்கணுமாம். கூட்டுல கண்ணு திறக்காத குஞ்சு தனியாக் கிடக்குதும்மா."

அசைபோட்டுக்கொண்டிருந்த எருமையின் வாய் நின்றுவிட்டது. "நீ போய்க் குஞ்சைப் பாரு" என்று புறாவை அனுப்பிவிட்டு, காக்காவிடம் மெதுவாகக் கேட்டது: "காலையில ஒத்துக்கிட்டவங்களுக்கும் வீட்டுல குஞ்சு குட்டி இருந்துச்சா?"

"அதையெல்லாம் நாம கேக்கிற வழக்கமில்லீங்களே" என்றது காக்கா.