ஆண்ட்ரூஸின் நீலக் கட்டு

வெள்ளக்கடையில் செல்வமேரி வீட்டு ஜன்னலை மூடுபனி அப்பிக் கிடக்கிறது. மேசை முழுக்க ஜெப்சனின் சிவப்பு கார்டுகள். நாளை சேலத்தில் கார்டு ஆட்டப் போட்டி, அவரவர் சேர்த்த கட்டோடு ஆட வேண்டும். சிவப்பு மட்டும் பாதி ஆட்டத்தில் தீர்ந்துவிடும், நீலமும் சேர்த்தால்தான் தாக்குப்பிடிக்கும். நீலம் அவன் கூட்டாளி ஆண்ட்ரூஸுடையது. ஆண்ட்ரூஸ் மழையில் பைக் சறுக்கிப் போய்ச் சேர்ந்துவிட்டான். ஈரத்தில் வளையாமலிருக்க அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்திருந்த மகன் ஆண்ட்ரூஸின் நீலக் கட்டை செல்வமேரி எடுத்து நீட்டுகிறாள். வாங்கிய ஜெப்சனுக்கு ரப்பர் பேண்டைக் கழற்றக் கை வரவில்லை. உள்ளே ஆண்ட்ரூஸ் கடைசியாகக் கலைத்து அடுக்கிய வரிசை அப்படியே இருக்கிறது.

“சிவப்பே போதுங்கம்மா,” என்று திருப்பித் தருகிறான்.

அவள் கை நீட்டவில்லை.

“அப்பறம் யாருக்குச் சாமி நான் மாசாமாசம் அரிசி மாத்தறது?”