மூன்றாவது சி.டி.

இது நான் கண்ணால் பார்த்ததில்லை. நான் கணக்கு எழுதும் மருந்துக்கடையில், வாரம் முழுக்க நின்றபடியே மாத்திரை எடுத்துக் கொடுக்கும் அக்கா, கூட்டமில்லாத ஒரு மத்தியானத்தில் சொன்னது. கையிலிருந்து எதையும் சேர்க்கவில்லை.

அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே ஆகாது. காரணம், மாமியார் வாங்கி வைத்திருந்த ஒரு பழைய குடும்பப் படம். கறுப்பு வெள்ளை. மூன்று சி.டி. வாராவாரம் அதே படம்.

சாப்பாடு முடிந்த கையோடு குரல் வரும்.

"ஏம்மா, அடுப்படியில என்ன உருட்டிக்கிட்டு இருக்க? படம் போடறாங்க, வா!"

"பாத்திரம் கிடக்கு அத்தை..."

"பாத்திரம் எங்கேயும் ஓடிப்போகாது. இதுல வர்ற மருமகளைப் பாரு, என்ன பொறுமை! பார்த்துக் கத்துக்க."

அந்த மருமகள் முதல் சி.டி.யில் அழுவாள். இரண்டாவதில் இன்னும் அழுவாள். மூன்றாவதில் அவளோடு சேர்ந்து மொத்தக் குடும்பமும் அழும்.

அக்கா காலைத் தொங்கப் போட்டு உட்காரக்கூடாது.

"அந்த முக்காலியை இழுத்துக் காலை மேல வை. போறவங்க வர்றவங்களுக்கு இடிக்குது!"

பாதிப் படத்தில் மாமியார் குறட்டை விடுவார். அக்கா மெல்ல எழுந்தால், கண்ணைத் திறக்காமலேயே, "எங்க கிளம்பிட்ட? இப்பதான் முக்கியமான கட்டமே!" என்பார்.

"அண்ணி, ஒரு டீ!" என்பான் கொழுந்தன்.

"அண்ணி எழுந்தா கதை விட்டுப்போயிடும். உனக்குக் கை இல்லையா? எல்லாருக்கும் சேர்த்து நீயே போடு!"

கொடுமை அதோடு முடியாது. கொழுந்தன் போட்ட டீயை அக்காவும் குடிக்க வேண்டும்.

"குடிச்சிட்டு நம்ம கடையிலதான் மாத்திரை வாங்கணும்" என்றார் அக்கா.

ஒரு கட்டத்தில் பொறுமை போய்விட்டது. "தனியா வீடு பாருங்க. அந்த வீட்டுல டி.வி.யே வேண்டாம்" என்று கணவரிடம் சொல்லிவிட்டார். அவரும் பாவம், ஒரு வீட்டைப் பார்த்துவிட்டார். "ஞாயித்துக்கிழமை அம்மாகிட்ட பேசிடறேன்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா ஒரு காரியம் செய்தார். மூன்றாவது சி.டி.யை எடுத்துத் தன் கைப்பைக்குள் ஒளித்துவிட்டார்.

இரண்டாவது முடிந்தது. மாமனார் பெட்டியைத் திறந்தார்.

"மூணாவதைக் காணோமே!"

வீடே தலைகீழானது. சோபாவைப் புரட்டினார்கள். கட்டிலுக்கடியில் நுழைந்த கொழுந்தன், எப்போதோ தொலைத்த ஒற்றைச் செருப்போடு வெளியே வந்தான்.

கணவர் சமயம் பார்த்து நுழைந்தார். "அம்மா, புதுசா ஒரு சிரிப்புப் படம் வாங்கியிருக்கேன். அதைப் போடலாமே."

"எத்தனை சி.டி.?"

"ஒண்ணுதான்."

"வேண்டாம்." மாமியார் கொஞ்சம் யோசித்தார். "முதல் சி.டி.யை மறுபடி போடு."

"அந்தப் பொண்ணு இப்பத்தானே அழுது ஓய்ஞ்சா!" என்று அலறினார் மாமனார்.

"பரவாயில்ல. இன்னொரு தடவை அழட்டும்."

கொழுந்தன் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே படுத்துவிட்டான். மாமனாருக்குப் புரையேறியது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கணவரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அவர் தொண்டையைக் கனைத்தார்.

"அம்மா, ஒரு விஷயம்..."

"உஷ்! பேர் போடறாங்க!"

மறுநாள் அக்கா நேராக, மாமியார் அந்தப் படத்தை வாங்கிய சி.டி. கடைக்குப் போனார். 'எங்க மாமியாருக்கு இப்படி ஒரு படத்தைக் கொடுத்தீங்களே, நீங்க நல்லா இருப்பீங்களா?' என்று நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடும் வேகம்.

போன வேகம் திரும்பி வரும்போது இல்லை. மூன்றாவது சி.டி.யைத் திரும்பப் பெட்டியில் வைத்தார். கணவரிடம், "அந்த வீடு வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றார்.

"கடைக்காரர் அப்படி என்னதான் சொன்னாரு அக்கா?" என்றேன்.

"நான் சொன்னா கதை விடறேன்னுவ. நீயே போய்க் கேட்டுக்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே போய்க் கேட்டேன்.

"மூணு சி.டி. படம் வாங்கின அந்தப் பெரியம்மாவா?" என்றார் கடைக்காரர். "அவங்க படத்தோட பேரைக்கூடக் கேட்கலையே! 'எங்க வீட்டுப் பொண்ணு வாரம் பூரா நின்னுக்கிட்டே கிடக்குறா. லீவு நாள்லயும் உட்காருன்னா உட்கார மாட்டேங்குறா. உன்கிட்ட இருக்கறதுலயே நீளமான படம் எதுப்பா?'ன்னுதான் கேட்டாங்க."