மார்பில் மூன்று குண்டுகள்

எக்காளம் ஊதச் சொல்லி மேஜர் உத்தரவிடவில்லை.

மணி பன்னிரண்டு. படைக்குதிரைகளுக்குத் தீவனம் வைக்கும் நேரம். இருபது வருடப் பழக்கத்தில் எக்காளக்காரன் ஊதிவிட்டான். நடந்துகொண்டிருப்பது என்ன என்று ஒரு கணம் மறந்துபோயிருப்பான். பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

நடந்துகொண்டிருந்தது குதிரைக்கொலை.

பிடிபட்ட செவ்விந்தியக் கிராமத்தின் குதிரைகள். எழுநூறுக்கு மேல். குதிரை இல்லாவிட்டால் அந்த ஜனங்கள் இனிமேல் சண்டைக்கு வரமாட்டார்கள் என்பது மேலிடத்தின் யோசனை. ஒன்று விடாமல் சுட்டுவிடச் சொல்லி உத்தரவு. காலையிலிருந்து சுட்டார்கள். காவலுக்குக் கட்டியிருந்த கயிற்றுக்கு அப்பால் அந்த ஊர்ப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அழுது ஓய்ந்துவிட்டார்கள்.

மேஜர் அந்தப் பக்கம் பார்க்காமல் நிற்கப் பழகிக்கொண்டார்.

எக்காளம் கேட்டதும் படைக்குதிரைகள் கனைத்தன. அது வழக்கம்தான்.

சாகக் காத்திருந்த மந்தையிலிருந்து ஒரு செம்பழுப்புக் குதிரை தனியாக வெளியே வந்தது. யாரும் அதை இழுக்கவில்லை. படைக்குதிரைகள் கட்டியிருந்த வரிசைக்கு நேராக நடந்தது. இரண்டு குதிரைகளுக்கு நடுவே இடம் பார்த்து நின்றது. தீவனப் பையை மாட்ட வசதியாகத் தலையைத் தாழ்த்திக்கொண்டது.

கயிற்றுக்கு அப்பால் ஒருத்தி எழுந்து நின்றாள். அவளுடைய குதிரையாக இருக்கலாம்.

படையாட்கள் சிரித்தார்கள். நரைத்த மீசை சார்ஜென்ட் ஓடெல் மட்டும் சிரிக்கவில்லை. கிட்டே போய் இடது தோளில் ரோமத்தை விலக்கிப் பார்த்தார். அமெரிக்கக் குதிரைப்படையின் சூட்டுக்குறி இருந்தது.

“சார், இது பிஸ்கட்.”

மேஜர் சட்டென்று திரும்பிப் பார்த்தார்.

பிஸ்கட் செத்து எட்டு வருடம் ஆகிறது. அவர் கைப்பட எழுதிய அறிக்கை அப்படித்தான் சொல்கிறது.

அப்போது அவர் கேப்டன். அந்தப் படைப்பிரிவுக்கு வந்து பன்னிரண்டே நாள். ஒரு மலைச்சரிவில் செவ்விந்தியர்களிடம் வசமாக மாட்டிக்கொண்டார்கள். பின்வாங்கும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். லெப்டினன்ட் ஆர்லோ பெக்வித்தின் குதிரை பிஸ்கட் தூரத்தில் தரையில் சாய்ந்தது. பெக்வித்தும் அதோடு சாய்ந்தான். போய்ப் பார்க்க இனி ஒன்றுமில்லை என்று நினைத்தார். மீதி நாற்பது பேரை உயிரோடு கொண்டுவந்து சேர்த்தார்.

குதிரையின் மார்பில் மூன்று குண்டுகள் பாய்ந்ததைக் கண்ணால் கண்டேன் என்று அறிக்கையில் எழுதினார். குண்டுகள் தெரிகிற தூரத்தில் அவர் இல்லை. மூன்று என்று எழுதினால் மேற்கொண்டு யாரும் கேட்கமாட்டார்கள். கேட்கவில்லை. பதக்கம் வந்தது. மேஜர் பதவி வந்தது. வசந்தத்தில் கர்னல் ஆகிவிடுவார் என்று பேச்சு.

பெக்வித்தின் தாய் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவருக்குக் கடிதம் போடுகிறாள். என் மகன் வலி தெரியாமல் போனான் என்று நீங்கள் எழுதினீர்களே, அதைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருக்கிறேன் என்று எழுதுவாள். அவரும் தவறாமல் பதில் போடுவார்.

இப்போது மேஜர் குதிரையின் முன்னால் மண்டியிட்டு மார்பைத் தடவினார்.

ரோமத்துக்கு எதிராகத் தடவினார். கையுறையைக் கழற்றிவிட்டுத் தடவினார்.

ஒரு தழும்பும் இல்லை.

வயிற்றில் இல்லை. தொடையில் இல்லை. கால்கள் நான்கும் திடமாக இருந்தன.

அப்படியானால் அன்று ஏன் விழுந்தது?

யோசிக்கவே அவருக்குப் பயமாக இருந்தது. மந்தைக்குத் திருப்பி ஓட்டச் சொன்னார். ஓட்டினார்கள். பிஸ்கட் சுற்றிக்கொண்டு வந்து அதே இடத்தில் நின்றது. தீவன நேரம் அல்லவா.

இந்தத் தடவை அவரே கழுத்துக்கயிற்றைப் பிடித்துத் தள்ளிக் கூட்டிப்போனார். இது உயிரோடு கோட்டைக்கு வந்தால் யாராவது அந்தப் பழைய அறிக்கையைத் தூசி தட்டுவார்கள். உத்தரவு எல்லாக் குதிரைகளுக்கும்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இடுப்பிலிருந்து கைத்துப்பாக்கியை உருவினார்.

குதிரை துப்பாக்கியைப் பார்த்தது.

முன்னங்கால்களை மடக்கியது. பின்னங்கால்களை மடக்கியது. அவருக்கு முன்னால் குறுக்காகச் சாய்ந்து படுத்தது. தலையையும் தரையில் வைத்துக்கொண்டது. அப்புறம் அசையவில்லை.

அவர் இன்னும் சுடவில்லை.

தூரத்திலிருந்து யார் பார்த்தாலும் செத்துவிட்டது என்றுதான் சொல்வார்கள்.



“பெக்வித் சார் பழக்கினது,” என்றார் ஓடெல். “துப்பாக்கிய எடுத்தா படுத்துக்கும். அதுக்குப் பின்னால மறைஞ்சு படுத்துக்கிட்டு நாம சுடலாம். ஒரு குளிர்காலம் பூரா உக்காந்து பழக்கினார். நீங்க வர்றதுக்கு முன்னாடி.”

குதிரையின் முதுகை ஒட்டி, ஓர் ஆள் படுக்கிற அளவுக்குப் புல்தரை இருந்தது. மேஜர் நின்றது அங்கேதான். சட்டென்று ஓர் எட்டு பின்னால் வைத்தார்.

துப்பாக்கியை உறையில் போடப் பார்த்தார். இரண்டு தடவை தவறியது. பிறகு, அன்றைக்கு நாம் கிளம்பி வந்த பிறகு மேலே சுடும் சத்தம் ஏதாவது கேட்டதா என்று ஓடெலைக் கேட்டார். குதிரையைப் பார்த்தபடியேதான் கேட்டார்.

அன்று மற்றவர்கள் போன பின்பும் சரிவின் அடியில் ஓடைக்கரையில் பின்காவல் நின்றவர் ஓடெல். எட்டு வருடத்தில் ஒருவரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை. கேட்காததைச் சொல்லும் வழக்கம் படையில் கிடையாது.

ஓடெல் தொப்பியைக் கழற்றினார்.

“ஒத்தத் துப்பாக்கி, சார். பொழுது சாயற வரைக்கும் கேட்டுது.”