நாற்றம் போன தண்ணீர்

கோடு எழவில்லை.

கண்ணாடிக் குழாயின் நுனியில் பாதரசத் துளி தொங்கிக்கொண்டிருந்தது. அவள் மின்னழுத்தத்தை மெல்ல மெல்ல மாற்றிக்கொண்டே போனாள். தண்ணீரில் சல்பைடு இருந்தால் திரையில் இந்நேரம் கோடு ஊசி மாதிரி நிமிர்ந்திருக்க வேண்டும்.

மூன்றாவது முறை. மட்டமாகவே கிடந்தது.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே பெஞ்சில் முனிரத்தினம் காத்திருந்தார்.

முந்தாநாள் அவர் மகன் லோகு, ஏரி மதகை அடைத்திருந்த குப்பையை எடுக்க இறங்கினான். ஏறவில்லை. இடுப்பளவுத் தண்ணீர். அதில் மூழ்கிச் செத்தானாம். போலீஸ் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறது. மேலே தோல் கம்பெனி திறந்துவிடுகிற கழிவு ஒருவர் கண்ணிலும் படவில்லை.

மகனைக் கரையில் கிடத்திய கையோடு, அதே இடத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து வைத்தவர் அவர். அவனைக் கொன்றது கழிவிலிருந்து கிளம்பிய விஷவாயு என்று நிரூபிக்க அது ஒன்றுதான் இருந்தது. அன்றைக்கே மழை கொட்டி ஏரி நிரம்பி வழிந்துவிட்டது. இனி அந்தத் தண்ணீர் கிடைக்காது.

அவள் வெளியே வந்தாள்.

"ஐயா, வர்ற வழியில பாட்டிலை எங்கயாவது திறந்தீங்களா?"

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"வழியெல்லாம் தொறந்து வெச்சிகினுதாம்மா வந்தேன். மூடியையும் மீறி நாத்தம். பஸ்ல ஒரே கத்தல். உங்க கையில அப்டியே குடுக்க முடியுமா? ஜன்னலாண்ட புடிச்சி, ஆட்டி ஆட்டி, சுத்தமா போக்கிட்டேன்."

அந்த நாற்றம்தான் சல்பைடு; அவள் தேடிக்கொண்டிருந்ததே அதைத்தான்.

திறக்காதீர்கள் என்று போனில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கொண்டுவாருங்கள் என்று மட்டும் சொன்னாள். மற்றது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்துவிட்டாள்.

அவர் கைகளைப் பார்த்தாள். நகக்கண்ணில் இன்னும் ஏரிச் சேறு இருந்தது.

சொல்ல வேண்டும். இப்போதே சொல்லிவிட வேண்டும்.

"இன்னும் ரிசல்ட் வரலைங்க" என்றாள். "எங்க மெஷின் ரிப்பேர்."

அவர் தலையாட்டினார். செருப்பைக் கழற்றி பெஞ்சுக்கு அடியில் தள்ளினார். கால்களை மேலே இழுத்துச் சம்மணம் போட்டுக்கொண்டார்.

"சரி பண்ணிட்டே பாரும்மா. அவசரமில்ல. நான் இங்கியேதான் இருப்பேன்."